அப்பா வேஷம்

நேமியாவின் மகள் மாதிரி ஒரு பிள்ளை நமக்கு வாய்க்கவில்லையே என்று பெருமூச்சு விடாத தாய் எங்கள் ஊரில் கிடையாது. நானும் விட்டிருக்கிறேன். என்னுடைய மூன்று வானரங்களும் ஈரப்பலா மரத்தில் ஏறி ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டில் நேமியாவின் மகள் எசெத்தா முற்றத்துச் சரளைக்கற்களுக்கு நடுவே விழுந்த இலைகளைக் குனிந்த தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். பதினோரு வயது. பெரியவர்கள் எதிரே வந்தால் வழியை விட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடுவாள். ஏதாவது கேட்டால் புருவத்தை மேலே தூக்குவாள். எங்கள் சமோவாவில் 'ஆமாம்' என்பதற்கு அது போதும். 'இல்லை' என்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"மரியாத தெரிஞ்ச புள்ள. நேமியா வளத்த வளப்பு அப்படி" என்று கிணற்றடியில் பேசிக்கொள்வோம். அது அவன் காதுக்குப் போகும். அடுத்த நாள் நேமியா நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் போகும்.

எங்கள் தேவாலயத்தில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளுக்குப் பக்கத்தில் நீளக் கம்போடு ஓர் ஆள் நிற்பார். தூங்கினால் தலையில் ஒரு தட்டு. சிரித்தால் இரண்டு. சில வருஷங்களாக அது நேமியாவின் வேலை. சபையின் மூப்பர்களில் இளையவன் அவன்தான். அவன் நின்றால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும் என்று போதகரே மெச்சியிருக்கிறார்.

கெட்டவன் என்று யாரும் அவனைச் சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டான். விடியும் முன்பே எரிமலைக் கல் குத்தும் பாதையில் ஏறி, மலைச்சரிவில் சேம்புத் தோட்டத்துக்குப் போய்விடுவான். தோளில் காவடி போட்டு இரண்டு பக்கமும் கூடை தொங்க அவன் இறங்கி வரும்போது வெயில் உச்சியில் இருக்கும். அந்த வீட்டில் யாரும் பசித்துப் படுத்ததில்லை. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. அவன் வீட்டில் சாயங்காலம் எழும் சத்தம் என் வீட்டுப் பானையில் வந்து விழும். முதலில் தொண்டையை இரண்டு தடவை செருமுவான். பிறகு தொடையில் ஓர் அறை. அப்புறம் ஆரம்பிக்கும்.

"நில்லு அங்கயே. யாரக் கேட்டுப் போன? சொல்லு. வாயத் தொறந்த, பல்லு இருக்காது. சொல்லு."

வாயைத் திறக்காமல் எப்படிச் சொல்வது என்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. பிறகு ஈர்க்குமாற்றின் சத்தம் கேட்கும். எல்லா வீட்டிலும் ஈர்க்குமாறு உண்டு, என் வீட்டிலும்தான். அதனால் எங்களில் ஒருவரும் அடுப்படியை விட்டு எழுந்து பார்த்ததில்லை.

போதகரம்மா எங்கள் ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. தலைநகர் அபியாவில் பிறந்து வளர்ந்தவள். கணவர் பிரசங்கம் செய்ய, இவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு எடுத்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் விசிறியும் கையுமாக நேமியா வீட்டுக்கு வந்துவிட்டாள். போதகரின் மனைவி வீடு தேடி வந்தால் சும்மாவா? நேமியாவின் மனைவி லிதியா நல்ல பாயை உதறி விரித்தாள். கோகோ கொதிக்க வைத்தாள். கேட்காமலேயே நானும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

"எசெத்தாவப் பத்திப் பேசத்தான் வந்தேன்" என்றாள் போதகரம்மா.

"ஏதும் தப்புப் பண்ணிட்டாளாம்மா?" நேமியாவின் கண் உடனே கூரையில் செருகியிருந்த ஈர்க்குமாற்றுக்குப் போனது.

"தப்பே பண்ண மாட்டேங்கறா. அதான் கவல. நேத்து எல்லாப் புள்ளைங்களையும் ஒவ்வொருத்தரா எழுந்திரிச்சு, 'பெரியவளானா என்ன பண்ண ஆச, எது செஞ்சா மனசுக்கு சந்தோஷமா இருக்கு'ன்னு சொல்லச் சொன்னேன். ஒருத்தன் போலீஸ்ங்கறான், ஒருத்தி நியூசிலாந்து போறேங்கறா, ஒருத்தன் ஐஸ்கிரீம் திங்கணுங்கறான். இவ எழுந்தா. நின்னா. பேசல. நான் 'பரவால்ல, ஒக்காரு'ன்னு சொல்லியும் ஒக்காரல. அப்புறம் பாத்தா..." போதகரம்மா குரலைத் தாழ்த்தினாள். "நின்ன எடத்துலயே ஈரம் பண்ணிட்டா."

லிதியா கோகோப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள்.

நேமியா சிரித்தான். சங்கடம் வந்தால் எங்கள் ஆட்கள் சிரித்துவிடுவார்கள். "கூச்ச சுபாவம்மா. பெரியவங்க முன்னாடி வாயடிக்கக் கூடாதுன்னு வளத்திருக்கோம். மத்த புள்ளைங்க மாதிரி இல்ல, மரியாத ஜாஸ்தி."

"நானும் மொதல்ல மரியாதன்னுதான் நெனச்சேன். ஆனா அது பயம். பதினோரு வயசுப் புள்ள தனக்கு எது புடிக்கும்னு சொல்லக்கூட பயந்தா, அடுத்த வருஷம் பெரிய ஸ்கூல்ல என்ன ஆகும்? கடைசி பெஞ்சுல ஒக்கார வெச்சுட்டு மறந்துடுவாங்க. அப்புறம் அவளே தன்ன மறந்துடுவா."

போதகரின் மனைவியை எதிர்த்துப் பேச எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. நேமியா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எனக்கு அவளுடைய பேச்சு கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. பட்டணத்துப் படிப்பு படித்தவர்கள் எதைப் பார்த்தாலும் ஒரு நோய் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் எசெத்தாவுக்குக் குரல் உண்டு என்பது எனக்கும் தெரியும். சமையல் குடிசைக்குப் பின்னால் தேங்காய் துருவும்போது வாண்டுகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு கதை சொல்வாள். போதகரின் இருமல், கடைக்காரர் மூக்கை உறிஞ்சுவது, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது எல்லாம் அவளிடம் அச்சாக வரும். வாண்டுகள் உருண்டு புரண்டு சிரிக்கும். பெரியவர்களின் நிழல் விழுந்ததும் வாய் மூடிக்கொள்ளும், துருவல் சத்தம் மட்டும் கேட்கும். இதைப் போதகரம்மாவும் எப்படியோ பார்த்துவிட்டிருந்தாள்.

"வெள்ளை ஞாயித்துக்கிழம நாடகத்துல அவளச் சேத்துருக்கேன். அப்பா வேஷம் அவளுக்குத்தான். சபை முன்னாடி ஒரு தடவ பேசிட்டான்னா, குட்டிப் புள்ளைங்களோட ஞாயிறு வகுப்ப அவகிட்ட குடுக்கப் போறேன். அவளுக்கு அதான் ஆச. காதுல வந்து சொன்னா, 'சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்'னு. அத சொல்றதுக்கு அவளுக்கு ஒரு வாரம் ஆச்சு."

அக்டோபரில் வரும் அந்த ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளுடையது. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி, மனப்பாட வசனம் சொல்லி, நாடகம் போடுவார்கள். பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டில் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்துப் பெற்றவர்கள் பரிமாறி, ஈ விசிறி, அவர்கள் கைகழுவிய பிறகுதான் சாப்பிட வேண்டும். அதில் அப்பா வேஷம் என்றால் எவ்வளவு பெரிய காரியம். நேமியா மறுநாளே தோட்டத்துப் பாதையில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டான். போதகரம்மா சொன்ன மற்றதெல்லாம் அவன் காதில் தங்கவில்லை.

நாடகத்தைப் போதகரம்மாவே எழுதியிருந்தாள். விருந்துக்கு வளர்த்த தாய்ப்பன்றியை மகன் தொலைத்துவிடுகிறான். பயந்து காட்டில் ஒளிகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். அப்பா வெளியே வந்து, "வா மகனே. பன்னி போனாப் போகட்டும், நீ வந்தியே, அது போதும். பசியா இருப்ப, மொதல்ல சாப்பிடு" என்று கட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான். மகன் வேஷம் கடைக்காரரின் பேரன் மாலோவுக்கு. பன்றியைத் தொலைப்பான் என்று நம்பக்கூடிய குண்டுப் பையன்.

ஒத்திகையில் எசெத்தா மெல்லிய குரலில் என்றாலும் சொன்னாளாம். "இன்னும் ரெண்டு ஒத்திகை, வந்துடும்" என்று போதகரம்மா லிதியாவிடம் நம்பிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். நேமியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் மகள் சபைக்கு முன்னால் முணுமுணுப்பதா? தோட்டத்திலிருந்து வந்து குளித்ததும் வீட்டில் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டான்.

அந்த வாரம் மழைக்கு முந்திய புழுக்கம். இலை அசையவில்லை. லிதியா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சேம்பு சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு செருமல். ஓர் அறை.

"சத்தமா சொல்லு. 'பன்னி போனாப் போகட்டும்'."

ஏதோ முனகல்.

"என்ன முனகல்? சத்தமா சொல்லு. 'நீ வந்தியே, அது போதும்'. அன்பா சொல்லு. அன்பா சொல்லுன்னா ஏன் அழுவுற? அழுதா இன்னும் ரெண்டு. அன்பா சொல்லு."

ஈர்க்குமாறு விழுந்தது. நான் சேம்பைச் சுரண்டினேன். என் கடைக்குட்டி கேட்டான், "அம்மா, அன்பா சொல்லலன்னா அடிப்பாங்களா?" நான் அவனைப் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

வெள்ளை ஞாயிறு வந்தது. அன்று அதிகாலையிலேயே ஊர் முழுக்கக் கல் அடுப்புப் புகை. நேமியா கொழுத்த பன்றி ஒன்றை அடுப்பின் பழுத்த கற்கள் மேல் வைத்து, சேம்பையும் ஈரப்பலாவையும் அடுக்கி, தேங்காய்ப்பாலை இளம் சேம்பிலையில் பொதிந்த பாலுசாமிப் பொட்டலங்களை மேலே பரப்பி, வாழையிலை போட்டு மூடினான். பிறகு குளித்து, இடுப்பில் வெள்ளை லாவலாவா வேட்டி கட்டி, கம்பை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தான். எசெத்தா தலையில் வெள்ளைப் பூ. சட்டை அவ்வளவு விறைப்பாக இருந்ததால் கை இரண்டும் உடம்பில் ஒட்டாமல் நின்றன.

வாண்டுகள் வசனம் சொல்லின. ஒன்று பாதியில் அழுதது, ஒன்று ஆமென் மட்டும் சொல்லிவிட்டு ஓடியது. எல்லாவற்றுக்கும் சிரித்தோம். பிறகு நாடகம். மாலோ பன்றியைத் தொலைத்தான். காட்டில் ஒளிந்தான். வந்து மண்டியிட்டான். தோளில் துண்டு போட்டுக்கொண்டு எசெத்தா வெளியே வந்தாள்.

பேச்சு வரவில்லை. போதகரம்மா தூணுக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுத்தாள். லிதியாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எசெத்தா மாலோவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.  அப்போதுதான் பெஞ்சோரம் நின்ற நேமியா, மகளுக்குத் தைரியம் கொடுப்பதாக நினைத்துத் தொண்டையை இரண்டு தடவை செருமினான்.

எசெத்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் இரண்டு தடவை செருமினாள். தொடையில் ஓர் அறை.

"நில்லு அங்கயே."

அப்படியொரு குரல் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"யாரக் கேட்டுப் போன? சொல்லு. வாயத் தொறந்த, பல்லு இருக்காது. சொல்லு."

பிள்ளைகளின் பெஞ்சில்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு பாடகர் குழு. பிறகு எல்லோரும். போதகர் வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். யார் குரல் என்று தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. எல்லோரும் நேமியாவைத் திரும்பிப் பார்த்தோம். அவனும் கம்பைப் பிடித்துக்கொண்டு இளித்தான்.

எசெத்தா நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை. துண்டை உருவிக் கையில் ஈர்க்குமாறு மாதிரிப் பிடித்துக்கொண்டாள். மாலோவின் முதுகில் இறக்கினாள்.

"சத்தமா சொல்லு. 'பன்னி போனாப் போகட்டும், நீ வந்தியே, அது போதும்'. அன்பா சொல்லு. ஏன் அழுவுற? அழுதா இன்னும் ரெண்டு. அன்பா சொல்லு."

மாலோ நிஜமாகவே அழ ஆரம்பித்தான். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. அந்த வசனம் அவளுக்கு எப்படி மனப்பாடம் ஆயிற்று என்று சபைக்கே புரிந்துவிட்டது. துண்டு விழும் சத்தமும் மாலோவின் அழுகையும் மட்டும் கேட்டன. எசெத்தாவுக்கும் அந்த அமைதி கேட்டிருக்க வேண்டும். ஓங்கிய கை அப்படியே நின்றது. போதகரம்மா ஓடிவந்து அவளை அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். பாடகர் குழு ஏதோ ஒரு பாட்டைச் சுருதி சேராமல் ஆரம்பித்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து நின்று பாடினோம். பாட்டு முடிந்தபோது நேமியா இல்லை.

அவனைக் கண்டுபிடித்தது அவனுடைய அக்கா சலஃபாய். எங்களில் அக்கா சொல்லுக்குத் தம்பி மறுசொல் சொல்லக் கூடாது, அவன் எவ்வளவு பெரிய மூப்பனாக இருந்தாலும். கல் அடுப்புக்குப் பக்கத்தில் காவடிக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமை யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. உணவை இறக்க நான் அங்கே போயிருந்ததால் இரண்டு பேர் பேச்சும் எனக்குக் கேட்டது.

"எங்கடா கெளம்பிட்ட?"

"மலைக்கு."

"இன்னைக்கி ஒன் புள்ளைக்கு யாரு பரிமாறுவா? நானா?"

"என்னால முடியாதுக்கா. மூஞ்ச எங்க வெச்சுக்குவேன்."

"ஊரு சிரிச்சுடுச்சுன்னு வெக்கமா இருக்கா?"

நேமியா காவடிக் கம்பைக் கீழே வைத்தான். "சிரிச்சதத் தாங்கிக்கிட்டேன்க்கா. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் சிரிப்ப நிறுத்துனாங்க பாருங்க, அதான்."

சலஃபாய் தரையில் உட்கார்ந்து, சூடான வாழையிலைகளை விரல் நுனியால் விலக்கத் தொடங்கினாள்.

"நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ அந்த ஈர்க்குமாத்தத் தூரப் போட்டிருப்ப" என்றாள். "சொல்லல. தம்பி வீட்டுக்கு வந்தா புள்ள சத்தமில்லாம கெடக்கே, நம்ம குடும்பத்துக்கு எவ்வளவு பேருன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டுப் போனேன். அதனால ஒன்ன ஏச எனக்கு வாயில்ல. போய்க் கை கழுவு. புள்ளைங்களுக்கு வாங்கி வெச்ச ஐஸ்கிரீம் உருகிடப் போகுது."

நானும் பாலுசாமியைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தேன். சூடு விரலைச் சுட்டது, சொல்லத் தோன்றவில்லை.

சபைக் கூடத்தில் தாழம்பாய்களை நீளமாக விரித்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாலோ அழுததையெல்லாம் மறந்து பன்றித் தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எசெத்தா வரிசையின் கடைசியில், தட்டைத் தொடாமல், கஞ்சி கலைந்த சட்டையோடு இருந்தாள். நேமியா உள்ளே வந்ததும் பரிமாறிக்கொண்டிருந்த எங்கள் கைகள் தாமாகவே மெதுவாயின. லிதியா அவனுக்கும் மகளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"விசிறியக் குடு" என்றான் அவளிடம்.

அவள் கொடுக்கவில்லை.

"குடு லிதியா. ஈ மொய்க்குது."

கொடுத்தாள். அவன் மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து விசிறத் தொடங்கினான். எசெத்தாவின் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. அவன் எதையோ சொல்ல வந்து, பழக்கத்தில் இரண்டு தடவை செருமினான். எசெத்தா சட்டென்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வாண்டு ஒன்று கிளுக்கென்று சிரித்தது. நேமியா வாயை மூடிக்கொண்டான். வெகுநேரம் விசிறிக்கொண்டே இருந்தான். அவன் கழுத்து வேர்த்து வழிந்தது.

பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு மெதுவாக, "போதகரம்மா சொல்லிக்குடுத்தது மறந்துடுச்சா?" என்று கேட்டான்.

எசெத்தா கையை இறக்கவில்லை. கைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மறக்கலப்பா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அப்பா பேசற மாதிரி பேசுன்னு சொன்னாங்க." பிறகு, "அந்த வசனத்துல வர்ற மாதிரி அப்பா பேசி நான் கேட்டதில்லையே" என்றாள்.

அதில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவுமில்லை. பாடம் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள். நேமியாவின் கையில் விசிறி நின்றது. நான் பாத்திரத்தைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லிதியா அழுதாள்.

 மன்னிப்புக் கேட்கும் வார்த்தை அவனிடம் இருந்திருந்தால் அன்று சொல்லியிருப்பான். தட்டிலிருந்த சேம்பை எடுத்து ஊதி, சின்னத் துண்டாகப் பிட்டு, பாலுசாமியில் தோய்த்து அவள் பக்கமாக வைத்தான். ஈ விசிறினான். அவள் கையை இறக்கி ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொன்று. தட்டு காலியாகும்வரை அவன் ஒவ்வொன்றாகப் பிட்டு வைத்துக்கொண்டே இருந்தான். அவள் தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"பாலுசாமி இன்னும் வேணும்ப்பா" என்றாள்.

அந்தப் பிள்ளை தனக்கென்று ஒன்று கேட்டு நாங்கள் கேட்டது அதுதான் முதல்.

பாலுசாமித் தட்டு கூடத்தின் மறுகோடியில் இருந்தது. நேமியா எழுந்தான். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் முன்னால் நடந்து போக வேண்டுமென்றால் எங்கள் ஊரில் உடம்பை மடித்துக் குனிந்து, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போவோம். பிள்ளைகளின் முன்னால் யாரும் குனிவதில்லை. அன்று அவன் குனிந்தான். நெற்றி முழங்காலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, "பொறுத்துக்குங்க... பொறுத்துக்குங்க" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டே அந்த நீள வரிசை முழுவதையும் கடந்து போனான். எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. நாங்கள்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம்.